ஆங்கிலேய டியூக் ஒருவருக்கு மகள்கள் மட்டுமே இருந்தால் பட்டம் யாருக்குப் போகும்?

பங்காளிக்குப் போகும். டியூக் என்பது பிரபு பட்டங்களிலேயே உயர்ந்தது. மகள்கள் எத்தனை பேர் இருந்தாலும் கணக்கில்லை. பட்டம் வழங்கிய அரச சாசனத்தில் 'ஆண்வழி ஆண் வாரிசு' என்று எழுதியிருந்தால், எத்தனை தலைமுறை பின்னோக்கிப் போயாவது ஓர் ஆணைத் தேடிப் பிடிப்பார்கள். ஒருவருமே இல்லையென்றால் பட்டம் அற்றுப்போகும். தத்துப்பிள்ளைக்கும் கிடையாது. தொலைக்காட்சித் தொடர் எதையாவது பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் எழுத வந்த காரணம் வேறு.

எங்கள் வீட்டில் பெண்கள் மட்டும்தான். அப்பா என்னைப் பார்க்க இங்கிலாந்து வந்திருந்தபோது, சசெக்ஸில் உள்ள அருண்டெல் கோட்டைக்கு அழைத்துப் போனேன். நார்ஃபோக் டியூக்குகளான ஹோவர்ட் குடும்பத்தின் கோட்டை அது. ஓவியங்களுக்கு நடுவே நின்று வழிகாட்டி அம்மாள் 16ஆவது டியூக் பெர்னார்டின் கதையைச் சொன்னார். 1937, 1953 முடிசூட்டு விழாக்களை முன்னின்று நடத்தியவர். நான்கு மகள்கள். 1975இல் அவர் இறந்ததும் பட்டம் மைல்ஸ் என்பவருக்குப் போனது. பெர்னார்டின் தாத்தாவும் மைல்ஸின் கொள்ளுத்தாத்தாவும் அண்ணன் தம்பிகள், அவ்வளவுதான் உறவு.

நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "நாலு பிள்ளைகள் இருக்கும்போது வாரிசு இல்லை என்று எப்படியம்மா சொல்கிறார்கள்?" என்றார். ஊரில் எத்தனையோ கல்யாண வீடுகளில் உறவுக்காரர்களைப் பார்த்து அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் தேடித்தேடிப் படித்தேன். கோபம்தான் வந்தது. ஹோவர்டுகளுக்கு நார்ஃபோக் பட்டம் வந்த வழியே ஒரு மகள். முதலில் அது மோப்ரே குடும்பத்தில் இருந்தது. அந்த வம்சத்தின் கடைசி டியூக் விட்டுச் சென்ற ஒரே மகள் சிறுமியாகவே 1481இல் இறந்துபோனாள். 1483இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் அந்தப் பட்டத்தை ஜான் ஹோவர்டுக்கு வழங்கினார். ஜானுடைய தாய் மார்கரெட், மோப்ரே வீட்டுப் பெண். அருண்டெல் கோட்டையும் அப்படித்தான். ஃபிட்ஸாலன் வீட்டு மகள் மேரி, நான்காவது டியூக்குக்கு வாழ்க்கைப்பட்டதால் ஹோவர்டுகளிடம் வந்தது. மைல்ஸ் மட்டும் என்ன? டியூக் ஆவதற்கு முன்பே அவரிடம் இருந்த பியூமாண்ட் பிரபு பட்டம், சொந்த உரிமையில் அதை வகித்த அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. பெண்கள் கொண்டுவந்து சேர்த்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பெண்ணுக்கு உரிமையில்லை என்பது என்ன நியாயம்?

தகுதி பார்த்துக் கொடுக்கிறார்கள் என்றும் யாரும் வர வேண்டாம். நான்காவது டியூக் 1572இல் தலை வெட்டப்பட்டபோது பறிபோன பட்டம் 1660இல் திரும்பக் கிடைத்தது. கிடைத்தது தாமஸ் என்பவருக்கு. அவர் மனநிலை பாதிக்கப்பட்டு இத்தாலியின் பதுவா நகரில் பராமரிப்பில் இருந்தவர். 1677இல் சாகும்வரை அவரே டியூக். நோயுற்றவரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆணாகப் பிறந்தால் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெர்னார்டின் மூத்த மகள் ஆன் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஹெரிஸ் என்ற ஸ்காட்லாந்துப் பட்டமும் அப்பாவிடம் இருந்தது. அது பெண்ணுக்கும் இறங்கும் என்பதால் அவருக்கு வந்தது. பந்தயக் குதிரைகளைப் பழக்குவதில் பெயர் பெற்றவர். நம் ஊட்டியில் பிறந்த கிரிக்கெட் வீரர் காலின் கௌட்ரியை 1985இல் மணந்தார். ஆனுக்குப் பின் ஹெரிஸ் பட்டம் தங்கைக்குப் போனது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

'பிரபு பட்டமே ஒழிய வேண்டும், அதில் பெண்ணுரிமை என்ன வேண்டிக்கிடக்கிறது?' என்று சிலர் கேட்பீர்கள். ஒழியட்டும், எனக்கும் சம்மதமே. ஆனால் இருக்கும்வரை மகளை விலக்கி வைப்பது தவறு. நான் வழக்கறிஞர் இல்லை. பழைய பிரபு பட்டங்கள் சிலவற்றுக்கு விதி வேறு என்பதும் தெரியும்.

அப்பா போனபின் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம் போனோம். எங்கள் பெயர்கள் அத்தனையும் விண்ணப்பத்தில் வரிசையாக இருந்தன. அங்கிருந்த எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆண் வாரிசு யாரும் இல்லையா?" என்றார். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சட்டம் எங்கள் பக்கம் இருந்தது, சான்றிதழும் வந்தது. அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இங்கிலாந்தில் அரியணைக்கு மட்டும் 2013இல் சட்டம் இயற்றி ஆண் முன்னுரிமையை நீக்கினார்கள். பிரபு பட்டங்களை அந்தச் சட்டம் தொடவில்லை. தனிநபர் மசோதா கொண்டுவந்து பார்த்தார்கள், நிறைவேறவில்லை. ஆனால் புதிதாகப் பட்டம் வழங்கும்போது மன்னர் மனம் வைத்தால் சாசனத்திலேயே வேறு விதமாக எழுதலாம். நம் நாட்டின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனுக்கு மகன் இல்லை. அவருடைய பட்டம் மகளுக்கு இறங்கும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தார்கள். 1979இல் அவர் கொல்லப்பட்டபோது மூத்த மகள் பட்ரீஷியா அதை ஏற்றார். அவருக்கு முடிந்தது மற்ற வீட்டு மகள்களுக்கு ஏன் முடியாது என்பதற்கு இதுவரை ஒருவரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.