காசு வாங்கியவர்களை விடுங்கள், கவுன்சிலர் எங்கே?

கேள்வி: ஓட்டுக் கேட்டு வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு அம்மா, அய்யா என்கிறார்கள். ஜெயித்த பிறகு அவர்கள் உலகம் வேறு, நம் உலகம் வேறு. ஐநூறுக்கும் ஆயிரத்துக்கும் ஓட்டை விற்கிற ஜனங்கள் இருக்கும்வரை இந்த இடைவெளி கூடிக்கொண்டுதானே போகும்?
– ஒரு வாசகர், பாகூர்

பதில்: முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். பணம் வாங்குவது தப்புதான். ஆனால் நம் புதுச்சேரி அரசியலில் நடந்த பெரிய பேரம் எதிலும் ரேஷன் கார்டு வைத்திருக்கிற ஜனங்கள் உட்காரவே இல்லை.

2016-இல் நாம் தேர்ந்தெடுத்த அரசு 2021 பிப்ரவரி 22 அன்று கவிழ்ந்தது. தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது ஆளும் கூட்டணி எம்எல்ஏக்கள் ஒருவர் பின் ஒருவராக ராஜினாமா செய்தார்கள், சிலர் வேறு கட்சிக்குப் போய் நின்று ஜெயித்து அமைச்சர் ஆனார்கள். தொகுதியில் ஒரு கூட்டம் போட்டு, போகலாமா வேண்டாமா என்று யாராவது நம்மைக் கேட்டார்களா? அதற்கு முன்பே 2017-இல், முந்தைய வருடத் தேர்தலில் ஒரு இடம்கூட ஜெயிக்காத பாஜகவிலிருந்து மூன்று பேர் நியமன எம்எல்ஏக்களாக வந்து உட்கார்ந்தார்கள். அன்றைய முதல்வர் பரிந்துரைத்த பெயர்கள் அல்ல, மத்திய அரசு நேராகப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 டிசம்பரில் நியமனம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நம்பிக்கை வாக்கெடுப்பிலும் அவர்கள் ஓட்டுப் போடலாம். 30 பேரை அனுப்ப லட்சக்கணக்கானவர்கள் வெயிலில் வரிசையில் நிற்கிறோம், சட்டப்பேரவைத் தேர்தலில் இங்கே வாக்குப்பதிவு 80 சதவீதத்தைத் தாண்டுகிறது, 3 பேருக்கு ஒரு ஓட்டும் தேவைப்படவில்லை. ஜனங்களைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் எடை போடுங்கள்.

அப்புறம் ரேஷன் அரிசி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஜனங்கள் அரிசி கேட்டார்கள், அன்றைய அமைச்சரவையும் அரிசியே கொடுக்கலாம் என்றது. துணைநிலை ஆளுநர் பணமாக வங்கியில் போடுங்கள் என்றார், கோப்பு டெல்லிக்குப் போனது, டெல்லி ஆளுநர் சொன்னதே சரி என்றது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்குப் பதில் 600 ரூபாய், மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்குப் பதில் 300. அதாவது கிலோவுக்கு முப்பது ரூபாய். மளிகைக் கடையில் சாப்பிடுகிற மாதிரியான அரிசி ஐம்பதைத் தாண்டிய பிறகும் அதே முப்பதுதான். அந்தப் பணமும் வீட்டில் உலை வைக்கிறவள் கைக்கு வருமா, கணவன் ஏடிஎம் கார்டை எடுத்துக்கொண்டு நேராகச் சாராயக்கடைக்குப் போவானா என்பதை ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கடைகள் பூட்டிக் கிடந்தன, ஊழியர்கள் சம்பளம் இல்லாமல் போராடினார்கள், ஆட்சி மாறியது, அப்போதும் கடை திறக்கவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் பிரசாரத்துக்குப் போனவர்களைப் பெண்கள் தெருத் தெருவாக நிறுத்தி ரேஷன் கடை எங்கே என்று கேட்டார்கள். புதுச்சேரியின் உள்துறை அமைச்சராக இருந்தவரே ஆளும் கூட்டணியின் வேட்பாளர், அவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்றார். சில மாதம் கழித்து, தீபாவளி சமயத்தில், கடைகள் திறந்தன. ஓட்டை விற்றுவிட்டார்கள் என்று நீங்கள் சொல்கிற அதே ஜனங்கள்தான் இதைச் செய்தது.

ஆனால் ஒரு ரேஷன் கடையைத் திறக்க ஒரு மக்களவைத் தேர்தல்வரை காத்திருக்க வேண்டி வந்ததே, எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. நடுவில் கேட்க ஆள் இல்லை. வார்டு கவுன்சிலர், பஞ்சாயத்துத் தலைவர் என்று நமக்கு யாரும் இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-இல், அதுவும் 1968-க்குப் பிறகு 38 வருடம் கழித்து, நீதிமன்றம் வரை போய். அதில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோனது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடத்தியே ஆக வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. இந்தக் காலத்தில் ஆண்டவர்களில் காங்கிரஸும் உண்டு, என்.ஆர்.காங்கிரஸும் உண்டு, திமுகவும் பாஜகவும் கூட்டணியில் இருந்திருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் இவர்களுக்குள் சண்டையே இல்லை.

ஏன் என்றால், கவுன்சிலர் இல்லாத ஊரில் எல்லாவற்றுக்கும் எம்எல்ஏ வீட்டு வாசல்தான். நம் தொகுதிகள் சின்னவை, சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். காதுகுத்து, கருமாதி எல்லாவற்றிலும் எம்எல்ஏவைப் பார்க்கலாம், பேசலாம். அதனால் நெருக்கமாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் முதியோர் பென்ஷனில் பெயர் சேர்க்க, வாய்க்கால் தூர்வார, தெருக்குழாய் போட எல்லாம் அவர் மனசு வைக்க வேண்டும், அவருக்கு ஓட்டுப் போடாத தெரு என்றால் காத்திருக்க வேண்டும். உரிமையாகக் கேட்க வேண்டியதை உதவியாகக் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள், நீங்கள் சொல்கிற இடைவெளி அங்கேதான் உண்டாகிறது. 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்து மூன்று பேர் செத்தார்கள், அதில் ஒருத்தி பள்ளிக்கூடம் போகிற பெண். உழவர்கரை நகராட்சி என்று பெயர் இருக்கிறது, அந்தத் தெருவுக்கென்று ஜனங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட அன்றைக்கு இல்லை. இருந்திருந்தால் அந்த மூவரும் பிழைத்திருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. வீட்டில் வாடை அடிக்கிறது என்று போய்ச் சத்தம் போட ஒரு வாசலாவது இருந்திருக்கும்.

நீங்கள் பாகூர்க்காரர், முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து 45 வார்டுக்கும் ஆள் வந்தார்கள். எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்லவில்லை, அங்கேயும் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. ஆனால் யாரைத் திட்டுவது என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே, 1880-இல், இங்கே கொம்யூன்கள் என்ற உள்ளாட்சி அமைப்புகள் வந்துவிட்டன. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டு, அதில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்களே, அவர்கள் பிரதிநிதித்துவ சபையிலும் நகரசபை, கொம்யூன்களிலும் உட்கார்ந்திருந்தவர்கள்தான். மாநில அந்தஸ்து வேண்டும் என்று நம் சட்டப்பேரவை பத்துக்கும் மேற்பட்ட தடவை தீர்மானம் போட்டிருக்கிறது, அந்தக் கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். டெல்லி நமக்கு அதிகாரம் தர மறுக்கிறது என்கிறவர்கள், தங்கள் கையில் இருக்கிற அதிகாரத்தில் பாகூருக்குப் பங்கு தர ஏன் மறுக்கிறார்கள் என்றும் சொல்லட்டும்.

ஒரு வேலை செய்யுங்கள். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் 2011-க்குப் பிறகு வருடா வருடம் எவ்வளவு செலவானது, எந்த வேலைக்கு, யார் கையெழுத்தில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். பதில் வந்தால் நகலை எங்களுக்கு அனுப்புங்கள், முப்பது நாளில் வரவில்லை என்றாலும் எழுதுங்கள். இரண்டையும் இதே பக்கத்தில் அச்சடிக்கிறேன்.