போர் விமானி போல உட்கார்ந்தால் தொடை மரத்துப்போவது ஏன்?

கேள்வி: வயது 36. இரண்டாம் உலகப் போர் விமானங்கள் என்றால் எனக்கு உயிர். கணினியில் விமானம் ஓட்டுவதற்காக, பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் காக்பிட் (விமானி அறை) அளவில் பலகை இருக்கை செய்து, கால்மிதியையும் உயரத்தில் பொருத்தியிருக்கிறேன். மூன்று மணி நேரம் ஆனால் பிட்டமும் பின்தொடையும் மரத்துப்போகின்றன, இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அந்த விமானிகள் மட்டும் எப்படி உட்கார்ந்தார்கள்?

பதில்: அவர்களுக்கும் வலித்தது. 1944-ல் மஸ்டாங் என்ற அமெரிக்கப் போர் விமானத்தில் பெர்லின் வரை போய் ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத் திரும்பியவர்கள், கால் மரத்துத் தள்ளாடி இறங்கினார்கள். ஸ்பிட்ஃபயர் 1940-ல் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் தரைக்கு வந்துவிடும்.

நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஸ்பிட்ஃபயர் இருக்கை வாளி போலக் குழிவானது. அந்தக் குழியில் பாராசூட் மூட்டையை வைத்து, அதன்மேல்தான் விமானி உட்காருவார். உங்களிடம் பலகை மட்டுமே இருக்கிறது.

மிதி விஷயம் இன்னும் முக்கியம். ஸ்பிட்ஃபயரில் மிதிக்கு இரண்டு படிகள் உண்டு. மேல்படி கீழ்ப்படியைவிடச் சுமார் 15 செ.மீ. உயரம். சண்டையில் விமானத்தை வெடுக்கெனத் திருப்பும்போது உடல் எடை ஐந்து மடங்காகிவிடும். இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையே ஏறக்குறைய 30 செ.மீ. அந்த உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற, ஒவ்வொரு மடங்குக்கும் சுமார் 22 மி.மீ. (பாதரச அளவு) ரத்த அழுத்தம் செலவாகிறது. ஐந்து மடங்கில் 110 போய்விட்டால், இயல்பான ரத்த அழுத்தமான 120-ல் மிச்சம் என்ன? முதலில் பார்வை சாம்பல் நிறமாகும், பிறகு இருட்டும். காலை மேல்படிக்குத் தூக்கினால் ரத்தம் காலில் தேங்குவது குறையும். சில விநாடிகளுக்கான தற்காப்பு அது. உங்கள் அறையில் எவ்வளவு திருப்பினாலும் எடை ஒரே மடங்குதான். காலைத் தூக்கி வைத்து முழங்கால் இடுப்பைவிட மேலே போனால், முதுகின் இயல்பான வளைவு தட்டையாகி, முழு பாரமும் உட்காரும் எலும்பு இரண்டிலும் இறங்குகிறது. பக்கத்திலேயே தொடைக்குப் போகும் நரம்புகள் ஓடுகின்றன. மரத்துப்போவது அதனால்தான்.

இருக்கையின் முன்விளிம்பையும் தடவிப் பாருங்கள். 1940-ல் லண்டன் குண்டுவீச்சின்போது, பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்கள் சிலர் திடீரென இறந்தார்கள். முன்கட்டை தொடையை அழுத்தி, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருந்ததை மருத்துவர் கீத் சிம்ப்சன் அப்போதே எழுதினார். அதைப் படித்த நாளிலிருந்து கூரான விளிம்புள்ள நாற்காலியைக் கண்டாலே எனக்குப் பதறுகிறது.

மிதியைத் தாழ்த்துங்கள், முழங்கால் இடுப்பைவிடச் சற்றுக் கீழே இருக்கட்டும். நான்கு விரற்கடை கனத்தில் கெட்டியான மெத்தை போடுங்கள், விளிம்பை உருட்டுங்கள், முதுகைச் சற்றே சாய்த்து இடுப்பு வளைவில் சின்னத் தலையணை வையுங்கள். 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, பாதம் தொங்கினாலோ, தொடையிடுக்கு மரத்துச் சிறுநீர் போகச் சிரமப்பட்டாலோ, அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மாற்றங்கள் செய்து இரண்டு வாரம் ஆகியும் மரப்பு தொடர்ந்தால் எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ நேரில் பாருங்கள்.