மாமாவுக்குத் தெரியாத மைதான வேலை

டல்லாஸிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடும் உங்கள் மகன் எதிராளியைத் தடுத்து விழுந்ததும் வலது கை முழுக்கத் தீயாய் எரிந்து, சில நிமிடம் தூக்கவே முடியவில்லை என்கிறீர்கள். நீங்கள் பதறியது நியாயம். ஆனால் இதையே சாக்காக்கி அவனை டாக்டர் படிப்புக்குத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியாது. அவன் கேட்பது அத்லெட்டிக் டிரெய்னர் படிப்பு, அதாவது ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும் வேலைக்கான படிப்பு. "தண்ணீர் பாட்டில் தூக்கும் வேலை" என்று சொன்ன மாமாவுக்கு அந்த வேலை தெரியவில்லை.

அன்று மைதானத்துக்குள் முதலில் ஓடிவந்தவர் அணியின் டிரெய்னர்தான். கழுத்தின் ஐந்தாம், ஆறாம் நரம்பு வேர்கள் தோளுக்கு இறங்குகின்றன. தோள் அழுந்தித் தலை மறுபக்கம் சாய்ந்தால் அவை இழுபடும். தலை அதே பக்கம் மடங்கினால் முள்ளெலும்பு இடுக்கில் நசுங்கும். ஒரு கையில் மட்டும் எரிந்தால் பெரும்பாலும் 'ஸ்டிங்கர்' எனும் இந்த நரம்புக் காயம். இரு கைகளிலும் எரிந்தால் தண்டுவடத்தையே சந்தேகித்து, கழுத்தை அசையாமல் பிடிக்க வேண்டும். இரண்டில் எது என்பதை நொடிகளில் முடிவுசெய்பவர் அவர். பிறகு கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, எதிர்த்து அழுத்தி வலுவைப் பார்ப்பார். வலு முழுதாகத் திரும்பாதவரை, கோச் எவ்வளவு கத்தினாலும் ஆட்டக்காரரை உள்ளே விடமாட்டார். 1976 இல் தலைக்கவசத்தால் முட்டுவது தடைசெய்யப்பட்டபின் கழுத்து முறிந்து கைகால் முடங்குவது வெகுவாகக் குறைந்தது. ஸ்டிங்கர் இன்றும் அடிக்கடி வரும் தொல்லை.

இந்த வேலைக்கு இப்போது முதுகலைப் பட்டம் வேண்டும். பட்டப்படிப்புக்குப் பின் பெரும்பாலும் 2 ஆண்டு. பிறகு தேசியச் சான்றிதழ்த் தேர்வு, மாநில உரிமம். இரண்டாமாண்டில் இருப்பவன் உடற்கூறியல், உடலியங்கியல், இயற்பியல், வேதியியல், உளவியல் பாடங்களை இப்போதே எடுக்கட்டும். டாக்டர் படிப்பென்றால் பட்டத்துக்குப் பின் 4 ஆண்டு, அதன்மேல் குறைந்தது 3 ஆண்டு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி; மனமில்லாத பிள்ளையை அந்தக் கடனில் இறக்காதீர்கள்.

சம்பளத்தையும் மறைக்கமாட்டேன்: நடுத்தர ஊதியம் ஆண்டுக்குச் சுமார் 60,000 டாலர். அதை நம்பித் தனியார் பல்கலைக்கழகக் கட்டணத்துக்குக் கடன் வாங்கவே வேண்டாம். அங்கீகாரம் பெற்ற அரசுப் பல்கலைக்கழகம் போதும். அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் முதல் முயற்சியிலேயே தேர்வில் தேறினார்கள் என்று பார்த்துச் சேருங்கள்.

அவன் கழுத்து வேறு விஷயம். எரிச்சல் மறுபடி வந்திருந்தால், முதுகெலும்பு மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை ஆட்டம் கிடையாது. இதில் அவன் விருப்பத்தைக் கேட்க வேண்டியதில்லை.