மனதுக்கும் அணு உண்டா?

கேள்வி: எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது என்பதுதான் அணுவாதம் என்று படித்திருக்கிறேன். உளவியல் படிக்கும் என் மகளின் பாடப் புத்தகத்திலும் அணுவாதம் வருகிறது. மனதில் ஏது அணு? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: மனதுக்குள் யாரும் ஹைட்ரஜனைத் தேடவில்லை அம்மா, அந்த வழிமுறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எதையும் இனி பிரிக்க முடியாத துண்டு வரை பிரித்து, துண்டுகள் சேரும் விதத்தைக் கண்டுபிடித்தால் முழுசும் விளங்கிவிடும் என்ற நம்பிக்கை அது.

இயற்பியலில் இந்த நம்பிக்கை பலித்தது, ஆனால் சுலபத்தில் இல்லை. கிரேக்கத்தில் டெமாக்ரிடஸ் என்ற தத்துவஞானி அணுவைப் பற்றிச் சொல்லி இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும், 1808இல் வேதியியலாளர் டால்டன் எடைக் கணக்கோடு எழுதியும், மாக் போன்ற பெரிய இயற்பியலாளர்களே அணுவை ஏற்கவில்லை. தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துள்ளுவது தண்ணீரின் மூலக்கூறுகள் மோதுவதால்தான் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட, இயற்பியலாளர் பெரின் மைக்ரோஸ்கோப் வைத்து அதை அளந்து காட்டிய பிறகுதான் சண்டை ஓய்ந்தது. (மணிமேகலையில் வரும் ஆசீவகவாதி, அதாவது ஆசீவகம் என்ற பழைய சமயத்தைச் சேர்ந்தவர், நிலம், நீர், தீ, காற்றோடு உயிரையும் அணு என்றே எண்ணுகிறார்!)

உளவியலில் கதை வேறு. 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கிய வுண்ட், அவரிடம் படித்து அமெரிக்கா போன டிட்ச்னர் இருவரும் அனுபவத்தை அடிப்படைப் புலனுணர்வுகளாகப் பிரித்தார்கள். டிட்ச்னரின் கூடத்தில் மேஜையைப் பார்த்து "மேஜை" என்று சொல்வது தவறு. நிறம், வெளிச்சம், வடிவம் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிப் பிரித்து 44,000க்கு மேற்பட்ட புலனுணர்வுகளை எண்ணினார்.

ஆனால் ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டையில் பாடியதை ஐந்து கட்டையில் பாடினால் காதில் விழும் ஒலிகளின் அதிர்வெண் அத்தனையும் மாறிவிடுகிறது, இருந்தும் அதே பாட்டு என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். துண்டு எல்லாம் மாறியும் மாறாத அது எங்கே இருக்கிறது? 1890இல் தத்துவவாதி எரன்ஃபெல்ஸ் மெட்டை வைத்து எழுப்பிய கேள்வி இதுதான். 1912இல் உளவியலாளர் வெர்தைமர், அடுத்தடுத்து மின்னும் இரண்டு கோடுகளை ஒரே கோடு நகர்வதாக நாம் பார்க்கிறோம் என்று காட்டினார். திருவிழா சீரியல் பல்பில் வெளிச்சம் "ஓடுவதும்" அதுவே. தனித்தனி பல்பு எதிலும் ஓட்டம் கிடையாது.

என் அபிப்பிராயத்தில் இயற்பியலுக்கும் உளவியலுக்கும் வித்தியாசம் இங்கேதான். மனதில் துண்டே பக்கத்தில் இருப்பதைப் பார்த்து மாறிவிடுகிறது. ஒரே சாம்பல் நிறத்தைக் கறுப்புக் காகிதத்தில் ஒட்டினால் வெளிறித் தெரியும், வெள்ளையில் ஒட்டினால் இருண்டு தெரியும். மகளிடம் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.