ஆங்கிலத்தின் ‘ர்’ எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

என் மகள் குடும்பம் டெட்ராய்ட் பக்கம் இருக்கிறது. பேரன் ‘கார்’, ‘வாட்டர்’ என்று ர் ஒலியை நாக்கைச் சுருட்டி அழுத்திச் சொல்கிறான். பிபிசி கேட்டு ஆங்கிலம் பழகிய எனக்கு, அமெரிக்கர்கள் மொழியைக் கெடுத்துவிட்டார்கள் என்றே படுகிறது. டிவியும் யூடியூபும் வந்த பிறகு வட்டார ஆங்கிலமெல்லாம் அழிந்து எல்லோரும் இப்படித்தான் பேசப்போகிறார்களா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அந்த ர் விஷயத்தில் மாறியது அமெரிக்கர்கள் இல்லை, லண்டன்காரர்கள். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் அந்த ர் நன்றாகவே ஒலித்தது. 18ஆம் நூற்றாண்டில் தென்கிழக்கு இங்கிலாந்தில் உயிரொலிக்குப் பின்னால் வரும் ர் தேய ஆரம்பித்து, அடுத்த நூற்றாண்டில் அதுவே படித்தவர் பேச்சாகிவிட்டது. அதற்கு முன்பே கப்பலேறியவர்கள் பழைய ஒலியோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாஸ்டன், நியூயார்க் போன்ற துறைமுகங்களிலும் பிற்பாடு ர் போனது, லண்டனோடு இருந்த நெருக்கம்தான் காரணம் என்பது பரவலான விளக்கம். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அது இன்றும் இருக்கிறது. எனவே பேரன் சொல்வதுதான் பழசு, நீங்கள் பிபிசியில் கேட்டது புதுசு.

மதிப்பும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ர் இல்லாத பேச்சு அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிய மனிதர் பேச்சு, ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அப்படித்தான் பேசினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது தலைகீழானது. 1962இல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயார்க்கின் மூன்று கடைகளுக்குப் போய், நான்காவது மாடியில் இருக்கும் ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று விற்பனையாளர்களிடம் கேட்டார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்ற பதிலில் ர் வருகிறதா என்று கவனிப்பதுதான் வேலை. பணக்காரர் போகும் சாக்ஸ் கடையில் 62 சதவீதம் பேர் ஓரிடத்திலாவது ர் சொன்னார்கள், மலிவு விலைக் கடையான க்ளைனில் ஐந்தில் ஒருவர்தான். லண்டனில் எது உயர்வோ அது நியூயார்க்கில் தாழ்வாகிவிட்டது, ஒலி என்னவோ ஒன்றுதான்!

எனக்கு இதைவிடப் பிடித்தது மார்த்தாஸ் வினியார்ட் தீவில் அவர் செய்த ஆய்வு. மாசசூசெட்ஸ் கரையை ஒட்டிய அந்தத் தீவில் நிரந்தரமாக வாழ்ந்தவர்கள் ஆறாயிரம் பேர்கூட இல்லை, கோடையில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களோ நாற்பதாயிரத்துக்கு மேல், வீடும் நிலமும் ஒவ்வொன்றாக அவர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. இத்தனை பேர் வந்து போனால் தீவின் பேச்சு கரைந்துபோயிருக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. ‘ஐ’, ‘ஔ’ போன்ற ஒலிகளைத் தீவுக்கே உரிய விதத்தில் உச்சரிப்பது அதிகரித்தது, அதுவும் மீனவர்களிடமும், இங்கேயே இருப்போம் என்று முடிவு செய்த நடுவயதுக்காரர்களிடமும். ஊரை விட்டுப் போக நினைத்தவர்களிடம் அது குறைவு.

அப்புறம் டிவி. டிவி புதுச் சொற்களைப் பரப்பும், உச்சரிப்பைப் பெரிதாக மாற்றியதற்குச் சான்று குறைவு. உங்கள் பேரனின் டெட்ராய்டே இதற்குச் சாட்சி. நாடு முழுக்க ஒரே டிவி பார்த்துக்கொண்டிருந்த 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் டெட்ராய்ட், சிகாகோ, பஃபலோ நகரங்களில் உயிரொலிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இடம் மாறி, மற்ற ஊர்ப் பேச்சிலிருந்து இன்னும் விலகிப் போயின. இப்போது அங்குள்ள இளைஞர்களிடம் அந்த மாற்றம் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது.

குழந்தைகள் அம்மா அப்பாவைப் போலவோ திரையில் வருபவர்களைப் போலவோ பேசுவதைவிட, கூட விளையாடுகிற பிள்ளைகளைப் போலப் பேசுவதுதான் அதிகம். பேரனின் ஆங்கிலம் எப்படிப் போகும் என்று தெரிய வேண்டுமானால், அடுத்த முறை போனில் அவனுடைய நண்பர்களையும் பேசச் சொல்லிக் கேளுங்கள்.