வசதியில்லாத பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போய்த் தங்க வைப்பதால் உண்மையில் பயன் இருக்கிறதா?

ஏழை வீட்டுப் பிள்ளைகளைச் சுற்றுலா, முகாம் என்று கூட்டிக்கொண்டு போவதால் அவர்கள் வாழ்க்கையில் ஏதாவது மாறுமா, அந்தக் காசில் நோட்டும் பேனாவும் வாங்கித் தந்தால் உருப்படியாக இருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறும். நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். காலையில் கிளம்பி இரவே திரும்பும் பயணத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

திருவாரூர் மாவட்டத்தில், பாமணி ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை நான். என் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் நிலமில்லாத கூலிக் குடும்பம். நோட்டு, புத்தகம், பை, செருப்பு, சீருடை எல்லாம் அரசாங்கமே தருகிறது. மதியச் சாப்பாடும் கிடைக்கிறது. அதனால் நீங்கள் சொல்லும் நோட்டு பேனா பள்ளியிலேயே இருக்கிறது. இல்லாதது வேறு.

இந்தப் பிள்ளைகளுக்குப் பயணம் புதிது என்று நினைக்காதீர்கள். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார். அண்ணன் பத்தாவது முடித்த மறுவாரமே பேருந்து ஏறியிருப்பான். அக்கா மில்லுக்குப் போயிருப்பாள். டெல்டாவில் தண்ணீர் வராத வருடங்களில் ஊர்ப் பெரியவர்களில் பாதிப் பேரை ஊரில் பார்க்க முடியாது. ஆக, வெளியூர் என்றாலே வேலை, கடன், மேஸ்திரி என்றுதான் இவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. தன்னை யாரோ எதிர்பார்த்து, பாய் விரித்து, சோறு ஆக்கி வைத்திருக்கும் ஓர் ஊருக்குப் போவது என்பதை இவர்கள் அனுபவித்ததே இல்லை.

முதல் தடவை நானும் தப்பாகத்தான் செய்தேன். ஒரே நாளில் கல்லணை, தஞ்சாவூர்ப் பெரிய கோயில், கும்பகோணம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி இரவு பதினோரு மணிக்கு வந்து இறங்கினோம். பாதிப் பேர் வேனில் வாந்தி. மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னால், பெரும்பாலோர் எழுதியது வழியில் சாப்பிட்ட பரோட்டாவைப் பற்றி. பிள்ளைகள்மேல் குற்றமில்லை. அவர்களுக்கு நின்று பார்க்கவே நேரம் தரவில்லை நான்.

அதற்கப்புறம்தான் என் கல்லூரி நாட்களை யோசித்துப் பார்த்தேன். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. அதில் ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கும் சிறப்பு முகாம் உண்டு. நானும் போனேன். குளம் தூர்வாரினோம், மரக்கன்று நட்டோம், அதெல்லாம் மறந்துவிட்டது. மறக்காதது ஒன்றுதான். வெயிலில் வேலை செய்துவிட்டு ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டேன். அந்த வீட்டுப் பாட்டி சொம்பை என் கையில் கொடுத்தார். எங்கள் ஊரில் அந்த மாதிரி வீடுகளில் நாங்கள் இரண்டு கையையும் குவித்து ஏந்த வேண்டும், அவர்கள் மேலிருந்து ஊற்றுவார்கள். பழக்கத்தில் சொம்பைத் தூக்கிப் பிடித்து அண்ணாந்து குடித்தேன். "வாய் வச்சுக் குடி பாப்பா, பொறையேறிடும்" என்றார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்தச் சொம்பின் விளிம்பு உதட்டில் பட்ட சில்லிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

சரி, எங்கள் பயணத்துக்கு வருகிறேன். எங்கள் ஆற்றையே பின்தொடர்வது என்று முடிவு செய்தோம். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் இருக்கிறது. வெண்ணாறு வந்து, அங்கே பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரியும். பாமணியும் கோரையும் கடைசியில் முத்துப்பேட்டைக் காயலில் போய்ச் சேரும். பொங்கலுக்கு அடுத்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதற்குள் போனால் ஆற்றில் தண்ணீர் இருக்கும்.

வீடு வீடாக அனுமதி கேட்கப் போனபோது ஓர் அம்மா, "முகாமா? ஏன் டீச்சர், புயல் எதுவும் வருதா?" என்று பதறிவிட்டார். 2018 நவம்பரில் கஜா வந்தபோது கூரை போய், கைக்குழந்தையோடு பள்ளிக்கூட முகாமில் கிடந்தவர் அவர். முகாம் என்றால் அவருக்கு அதுதான். அன்றிலிருந்து அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, "ரெண்டு நாள் ஊருக்குப் போறோம்" என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்தது. வரமாட்டேன் என்ற பெண் பிள்ளைகள் பணத்தைக் காரணமாகச் சொன்னார்கள். பணம் வாங்கப் போவதில்லை என்ற பிறகும் வரவில்லை. அப்புறம் ஒருத்திதான் என் காதருகில் வந்து, "மாத்துத் துணி நல்லா இல்ல டீச்சர்" என்றாள். மற்றவர்கள் முன்னால் அந்த நைட்டியோடு படுக்க வெட்கம். எல்லாரும் பள்ளிச் சீருடை, பள்ளிப் பை, இரவுக்குப் பள்ளியிலிருந்தே ஒரே மாதிரி டிசர்ட் என்று அறிவித்தோம். மறுநாள் பதினோரு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில்தான் நிறையப் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்.

தங்க இடம் தேடியதில் ஒரு கசப்பும் உண்டு. மண்டபம் தருவதாக முதலில் ஒப்புக்கொண்ட ஒருவர், பிள்ளைகள் எந்தத் தெரு என்று பேச்சுவாக்கில் விசாரித்தார். சொன்னேன். மறுநாள் சாவி கிடைக்கவில்லை என்றார். கடைசியில் முத்துப்பேட்டைப் பக்கம் கடலோர ஊர் ஒன்றில் பள்ளி வராந்தா கிடைத்தது. அந்த ஊர் மீனவர் வீட்டுப் பெண்கள் சமைத்துத் தருகிறோம் என்றார்கள்.

இருபத்துநாலு பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். மூணாறு தலைப்பில் மதகுக்கு மேல் நின்று, ஒரே தண்ணீர் மூன்றாகப் போவதைப் பார்த்தார்கள். "நம்ம ஊருக்குப் போற தண்ணி எது?" என்று சண்டை. மதியத்துக்கு மேல் கோரையாற்றில் படகு. வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தோம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எப்போதும் கடைசி பெஞ்சு, படகுத்துறையிலேயே குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அதட்டினேன். "லேசாக் கரிக்குது டீச்சர்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி விரல். "இப்ப ஜாஸ்தி." அப்புறம் படகுக்கார அண்ணனே அவளுக்காக வேகம் குறைக்க ஆரம்பித்தார். அலையாத்திக் காடு இரண்டு கரையிலும் நெருங்கி வந்தது. சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி மூச்சு வேர்கள். கஜாவில் முறிந்த மொட்டை மரங்கள் நடுவே நடுவே நின்றன. காயல் விரிந்த இடத்தில் அவள் நாக்கை நீட்டித் துப்பிவிட்டு, "இதுல நம்ம ஆத்துத் தண்ணியும் இருக்குல்ல?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் துணி துவைக்கும் ஆற்றுக்கு ஒரு முடிவு இருக்கிறது என்பதை நானும் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இரவு மீன் குழம்பு. வராந்தாவில் வரிசையாகப் பந்தி. எங்கள் பையன்கள் வயல் நண்டு பிடிப்பதை விவரிக்க, அந்த ஊர்ப் பையன்கள் காயல் நண்டின் கொடுக்கை எப்படிக் கட்டுவது என்று செய்து காட்டினார்கள். பதினோரு மணி வரை டார்ச் வெளிச்சத்தில் பேச்சு. நான் போய் அணைக்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், அங்க எல்லாரும் எந்த ஊருன்னுதான் கேட்டாங்க. யாருமே எந்தத் தெருன்னு கேக்கல" என்றான்.

எங்கள் பக்கம் தெரிந்தவர்களுக்கு அந்த வாக்கியத்தின் கனம் தெரியும். கடையில், கோயில் வாசலில், பேருந்தில் பெரியவர் யாராவது பேச்சுக் கொடுத்தால் இரண்டாவது கேள்வியே தெருதான். பதிலைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறும். பிறந்ததிலிருந்து அந்த முகத்தையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அப்படி மாறாத முகங்கள் நடுவே ஒரு முழு நாள், ஒரு முழு ராத்திரி இருந்து பார்க்கக் கிடைத்தது. பகல் பயணத்தில் இது நடக்காது. பகலில் கோபுரத்தையும் கடலையும் பார்ப்பார்கள். ராத்திரிதான் மனிதர்களோடு சாப்பிட்டு, பேசி, அவர்கள் வாசலில் தூங்குவார்கள்.

இதனால் மதிப்பெண் ஏறியதா? சிலருக்கு ஏறியது, பலருக்கு அப்படியே இருந்தது. மதிப்பெண்ணை வைத்து நான் இதை நியாயப்படுத்த மாட்டேன். அந்தப் பையன் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். விண்ணப்பம் வாங்க வெளியூருக்குத் தனியாகப் போய் வந்தான். அவன் வீட்டில் படிப்புக்காகப் பேருந்து ஏறிய முதல் ஆள். விரலால் ருசி பார்த்த பிள்ளை, கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணறு ஏன் உப்பாகிறது என்று வகுப்பில் கேட்டாள். பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு வருவதற்கு முன்பே கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக மூன்று வகுப்புகள் ஒதுக்கினேன்.

மறுவருடம் வேதாரண்யம் போனோம். 1930-ல் ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் ஏப்ரல் 13 அன்று திருச்சியில் கிளம்பி, நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நடந்து போய் உப்பு அள்ளிய வரலாறு பாடத்தில் இருக்கிறது. அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். இதை அதே சாலையில் வேனில் போகும்போது சொன்னேன். "எந்த மரம் டீச்சர்?" என்று ஒருவன் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புளியமரமாகப் பார்த்தபடியே வந்தான். வகுப்பறையில் இதே பாடத்தை நடத்தியபோது அவன் தூங்கியவன்.

செலவைக் காரணம் சொல்பவர்களுக்கு ஒரு ஜெர்மன் ஆசிரியரின் கதையைச் சொல்வேன். ரிச்சர்டு ஷிர்மான் என்று பெயர். 1909 ஆகஸ்டில் மாணவர்களோடு நடைப்பயணம் போனவரை இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளி வகுப்பறை கிடைத்தது. பக்கத்து விவசாயி படுக்க வைக்கோலும் குடிக்கப் பாலும் கொடுத்தார். விடுமுறையில் பள்ளிகள் சும்மாதானே கிடக்கின்றன, ஊருக்கு ஊர் இப்படித் தங்க வைக்கலாமே என்று அந்த ராத்திரி அவருக்குத் தோன்றியது. 1912-ல் அல்டெனா கோட்டையில் உலகின் முதல் இளைஞர் விடுதி உருவானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930-ல் இளைஞர் விடுதிச் சங்கம் தொடங்கியபோது, வசதி குறைந்த இளையோரை முக்கியமாகச் சொல்லித்தான் நோக்கத்தை எழுதினார்கள். வகுப்பறையும் வைக்கோலும் பாலும் தஞ்சைத் தரணியில் இல்லாத ஊர் எது?

நீங்கள் செய்வதாக இருந்தால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு பிள்ளைக்கு அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது, பெரும்பகுதி வேன் வாடகை. தங்கும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறை. தாழ்ப்பாள் விழ வேண்டும், ராத்திரி விளக்கு எரிய வேண்டும், தண்ணீர் வர வேண்டும். அது சரியில்லை என்றால் ஊரையே மாற்றுங்கள். பெண் ஆசிரியை ஒருவர் அவர்களோடு அதே அறையில் படுக்க வேண்டும். நாப்கின் பொட்டலத்தை யாரும் கேட்காமலே கழிப்பறைக்குள் வைத்துவிடுங்கள். படகில் ஏறினால் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், அதில் சமரசமே வேண்டாம். பெற்றோர் கையெழுத்தும் தலைமையாசிரியர் அனுமதியும் எழுத்தில் இருக்கட்டும். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். போகிற ஊர்க்காரர்களிடம் "பாவப்பட்ட பிள்ளைகள்" என்று அறிமுகப்படுத்தாதீர்கள், விருந்தாளிகள் வருகிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். புகைப்படம் எடுத்து முகநூலில் போட்டு நன்கொடையாளருக்குக் காட்டும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதை நீங்களும் தவிர்த்தால் நல்லது.

இந்தத் தை மாதம் கோடியக்கரை. வெளிமானும் பூநாரையும் பார்க்கலாம் என்று திட்டம். விரலால் ருசி பார்த்த பிள்ளை இப்போது பதினொன்றாம் வகுப்பு, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் துணைக்கு வருகிறாள். வழியில் ஐந்து ஊர்க் கைப்பம்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும், வேன் நிற்க வேண்டும் என்று இப்போதே பட்டியல் கொடுத்துவிட்டாள்.