ஆப்ல ஆள் ஏத்திட்டுப் போன சொந்த கார், விபத்து ஆனா நஷ்ட ஈடு யார் தலையில?

லீவுக்கு மலைக்கு சொந்த கார்ல கிளம்பின ஒரு வாசகர், சீட் காலியாதானே இருக்குன்னு ரைடு ஷேரிங் ஆப்ல போட்டு முன்பின் தெரியாத மூணு பேர ஏத்திருக்கார், தலைக்கு 1,800 ரூபா. வளைவுல வண்டி தடுப்புச் சுவர்ல மோதி, பின்சீட்ல இருந்த 27 வயசு பையனுக்கு கால் உடைஞ்சு பிளேட் வச்சிருக்காங்க. எஃப்ஐஆர் ஆயிடுச்சு, பையன் வீட்ல 1,20,000 கேக்குறாங்க. "பெல்ட் போடச் சொன்னேன் கேக்கல, ஆப்ல ஒரு ஸ்டார் போட்டு அசிங்கப்படுத்திட்டான், இவனுக்கு நான் ஏன் குடுக்கணும், பேக்கேஜ் பாலிசி (நம்ம வண்டி, அடுத்தவங்க நஷ்டம் ரெண்டுக்கும் சேர்த்த இன்சூரன்ஸ்) இருக்கு, இன்சூரன்ஸ்ல கேட்டா ஃப்ரெண்ட்ஸ்னு சொல்லிக்கிறேன், சரிதானே?"ன்னு கேக்குறார்.

சரியில்ல சார். ஸ்டார், ஆப் காரங்க பதிலே சொல்லாதது, அவங்க அண்ணன் போன்ல திட்டினது எல்லாம் உங்களுக்கு வலிக்கும், புரியுது. கேஸுக்கு அதுல எதுவும் உதவாது. பெல்ட் விஷயம் மட்டும், நிரூபிக்க முடிஞ்சா, தொகைய கொஞ்சம் குறைக்கும்.

கேள்வி ஒண்ணுதான். அந்த 5,400 ரூபா செலவுல பங்கா, வாடகையா?

டீசல், டோல் எல்லாம் சேர்த்து 4,100 ஆச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. உங்களையும் சேர்த்து நாலா பிரிச்சா தலைக்கு 1,025. அதோட நிறுத்தியிருந்தா "செலவைப் பங்கு போட்டோம்"னு கோர்ட்ல நின்னு பேச எனக்கு இடம் இருக்கும். நீங்க ஓசியில போயிட்டு மேல 1,300 கையில வாங்கியிருக்கீங்க. அப்போ அது வாடகை, ஒயிட் போர்டு வண்டிய பெர்மிட் இல்லாம வாடகைக்கு ஓட்டினதாத்தான் ஆகும். மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ, முதல் தடவைக்கே 10,000 அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு. ஆனா நான் பயப்படுறது அதுக்கு இல்ல.

பாலிசிய எடுத்து "லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்"னு இருக்குற பத்தியைப் படிங்க. வாடகைக்கு ஓட்டுறதத் தவிர மத்த உபயோகத்துக்குத்தான் இந்தப் பாலிசின்னு அதுல இருக்கும், யாரும் படிக்கிறதில்ல. உள்ள உக்காந்து வர்றவங்களுக்கும் பேக்கேஜ் பாலிசியில கவர் உண்டுங்கிறது நிஜம்தான், ஆனா வாடகைன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் கம்பெனி அதே சட்டத்தோட 150-வது பிரிவக் கையில எடுக்கும், பாலிசி நிபந்தனைய மீறிட்டாங்கன்னு வாதாட இடம் குடுக்குற பிரிவு அது. பெர்மிட் இல்லாத வண்டிங்கிறது அடிப்படை மீறல்னு 2018-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. பாதிக்கப்பட்டவனுக்கு கம்பெனி முதல்ல குடுக்கும், அப்புறம் அந்தப் பணத்த ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கும். 174-வது பிரிவுல கலெக்டருக்கு சர்டிஃபிகேட் போனா நிலவரி பாக்கி மாதிரி வசூல், வீடு வரைக்கும் வரும்.

என் கட்சிக்காரங்க பலர் விழுந்த குழி அந்த "ஃப்ரெண்ட்ஸ்"தான். இன்சூரன்ஸ் கம்பெனி டேமேஜ் பாக்க அனுப்புற சர்வேயர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு வருவாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு ட்ரிப்யூனல்ல, அதான் விபத்து நஷ்ட ஈடு கேஸ் நடக்குற கோர்ட்ல, எதிர் வக்கீல் ஆப்போட ட்ரிப் ஹிஸ்டரிய நீட்டுவார், ஜிபே ஸ்க்ரீன்ஷாட்ல "கார் ஃபேர்"னு அந்தப் பயணியே டைப் பண்ணி அனுப்பியிருப்பான், ஃப்ரெண்டோட அப்பா பேர் என்னன்னு கேட்டா கூண்டுல நிக்கிறவருக்குத் தெரியாது. அதோட அவர் சொன்ன மத்த எதையும் ஜட்ஜ் நம்ப மாட்டார், எதிர்ல வந்த லாரி தப்பான பக்கம் ஏறி வந்துச்சுங்கிற மாதிரி உண்மையையும் சேர்த்துதான். வண்டி டேமேஜ் கிளெய்மும் பொய்த் தகவல்னு தள்ளுபடி ஆயிடும். கேட்டா உள்ளதச் சொல்லுங்க, இல்ல வக்கீல் மூலமா பதில் தர்றேன்னு சொல்லுங்க, சாட்ட மட்டும் டெலீட் பண்ணாதீங்க, அவங்க போன்ல அது இருக்கும்.

இன்னொண்ணு, எஃப்ஐஆர் கேஸ்ல "ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க. குற்றத்த ஒத்துக்கிட்ட அந்தப் பேப்பர நஷ்ட ஈடு கேஸ்ல உங்களுக்கு எதிரா அப்படியே ஆதாரமா மார்க் பண்ணுவாங்க.

இப்போ 1,20,000-க்கு வருவோம். பையனுக்கு மாசம் 30,000 சம்பளம்னு வைங்க, கால்னால வேலைத்திறன் 10 சதவீதம் குறைஞ்சுதுன்னு கோர்ட் எடுத்துக்கிட்டா வருஷத்துக்கு 36,000, வயசப் பொறுத்து கோர்ட் பெருக்குற எண்ணுக்கு பெருக்கின்னு பேர், 27 வயசுக்கு அது 17, மொத்தம் 6,12,000. ஆஸ்பத்திரி பில், வலி வேதனை, வட்டி எல்லாம் தனி. அவங்க கேக்குறது கம்மி சார், வக்கீல் யாரையும் அவங்க இன்னும் பாக்கலன்னு நினைக்கிறேன். கௌரவம் பாக்காம செட்டில் பண்ணுங்க.

ஆனா பத்திரத்துல எழுதி கையெழுத்து வாங்கிட்டு பணத்தக் குடுத்துட்டு வந்துடாதீங்க, அத வாங்கிட்டு மறுபடி கேஸ் போட்டவங்களையும் பாத்திருக்கேன், அந்தப் பேப்பர் ட்ரிப்யூனல் வழிய அடைக்காது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுத்து லோக் அதாலத்ல, அதான் சமரசமா முடிச்சு வைக்கிற மக்கள் நீதிமன்றத்துல முடிங்க, அங்க போடுற அவார்டுக்கு (முடிவு உத்தரவுக்கு) அப்பீல் இல்ல. அது வரைக்கும் ஆஸ்பத்திரி பில்லுக்கு ஏதாவது குடுக்கணும்னு தோணுச்சுன்னா பேங்க் மூலமா நேரா ஆஸ்பத்திரி கணக்குல கட்டிட்டு ரசீத வச்சுக்கோங்க.